எட்டே நாளில் விலகியவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் மாற்றம் பற்றிய செய்திகளில் யாருக்கு எந்தப் பதவி என்பதே பெரிதாக வருகிறது. அந்தப் பெயர்களை யார் சோதிக்கிறார்கள் என்பதற்கும் இடம் கொடுங்கள்.

2024 நவம்பர் 13 அன்று, பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மேட் கேட்ஸை அட்டர்னி ஜெனரல் (நீதித் துறையின் தலைவர்) ஆக்கப்போவதாக டிரம்ப் அறிவித்தார். அன்றே கேட்ஸ் சபையிலிருந்து ராஜினாமா செய்தார். அவர் மீதான புகார்களை அந்தச் சபையின் நெறிமுறைக் குழு விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. புகார்களை அவர் மறுத்தார். சரி, அது அவர் உரிமை. ஆனால் நிருபர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. இந்தப் பதவிக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும்; சொந்தக் கட்சி செனட்டர்களே தயங்கினார்கள். அந்தப் பதவியே வேண்டாமென்று எட்டே நாளில் கேட்ஸ் விலகிவிட்டார்.

கேட்ஸின் பெயரை அறிவிப்பதற்குச் சில நாள் முன்புதான், செனட் விடுமுறையில் இருக்கும்போது ஒப்புதல் இல்லாமலே ஆட்களை நியமிக்க வழிவிட வேண்டும் என்று டிரம்ப் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். பத்திரிகைகளை 'மக்களின் எதிரி' என்று அவர் பேசிவருவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்புறம், 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கான செனட் வாக்கெடுப்பு 50-50 என்று நின்றது. துணை அதிபர் வான்ஸின் ஒற்றை வாக்கில்தான் பீட் ஹெக்செத் தேறினார். எதிர்த்து வாக்களித்த மூன்று குடியரசுக் கட்சியினரில், செனட்டில் அக்கட்சியின் முன்னாள் தலைவரான மிட்ச் மெக்கானலும் ஒருவர். அவர் ஏன் எதிர்த்தார் என்று விரிவாக எழுதுங்கள்.

– வாசகர், மதுரை