குன்னூரிலிருந்து: காலால் இயக்கும் மிடிப் பெட்டி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கோவைக்குக் குடிபோன பிறகும் நீ கிட்டாரை மூலையில் சாத்திவிடவில்லை என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. மாலையில் வெளியே தலைகாட்ட முடியாததால், நீ விசாரித்திருந்த மிடி ஃபுட் கன்ட்ரோலரை, அதாவது இசைக்கருவிகள் தமக்குள் கட்டளை பரிமாறும் மிடி முறையில், கிட்டாரின் ஒலியை மாற்றும் கருவிக்குக் காலாலேயே ஆணையிடும் பெட்டியை, ஒருவழியாக முடித்துவிட்டேன்.

பாட்டின் நடுவே குனிந்து பெடலின் குமிழைத் திருகும் அவஸ்தை உனக்குத் தெரியாததல்ல. கடைப்பெட்டிகளின் விலையைப் பார்த்து மலைத்துப் போயிருக்கிறாய். ஆனால் கிட்டாரின் ஒலி இந்தப் பெட்டிக்குள் நுழைவதே இல்லை, எண்கள் மட்டுமே இதிலிருந்து வெளியே போகின்றன என்பதை மனத்தில் கொண்டால் பாதி பயம் போய்விடும். ஓர் ஒலியமைப்பை மாற்ற இரண்டே பைட்டுகள் போதும்: முதலாவது கட்டளையையும் சேனலையும் (எந்தக் கருவிக்கு என்று குறிக்கும் எண்) சொல்லும், இரண்டாவது 0 முதல் 127 வரையுள்ள எண்ணைச் சொல்லும். பல கருவிகளின் திரையில் 1 என்று தெரியும் அமைப்புக்கு நாம் அனுப்ப வேண்டியது 0 என்பதை மட்டும் மறந்துவிடாதே.

மூளையாக ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் எழுதி ஏற்றக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகை போதும். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட்டுகள். நானோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இதற்கு மீதியின்றி வகுபடுவதால் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மிடி கம்பியைச் செருகும் ஐந்து முள் டின் சாக்கெட்டில் நடுவில் இருப்பது 2-ஆம் முள், அது கிரவுண்டு. அதன் இருபக்கமும் உள்ளவை 4, 5. ஐந்து வோல்ட்டிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக 4-க்கு ஒரு கம்பி, நானோவிலிருந்து எண்கள் வெளியேறும் டிஎக்ஸ் முனையிலிருந்து இன்னொரு 220 ஓம் வழியாக 5-க்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். சாக்கெட்டின் பின்பக்கம் ஈயம் வைக்கும்போது இடம் வலமாகத் தெரியும் என்பதால், சாக்கெட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வை.

உண்மையில் யோசிக்க வேண்டியிருந்தது பெட்டியைப் பற்றித்தான். மார்கழிக் குளிரில் இங்கே கம்பளிக் காலுறையும் தடித்த ஷூவும் இல்லாமல் யாரும் மேடையேறுவதில்லை. ஆகவே ஷூவின் அகலத்தை அளந்து, சுவிட்சுகளுக்கிடையே பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக இடம் விட்டேன். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் பலகையே பெட்டியாயிற்று. ஒலி உள்ளே போகாததால், கிட்டார் பெடலுக்குப் போல உலோக உறை இதற்குக் கட்டாயமில்லை. சுவிட்சுகள் நான்குதான். பத்து வைத்து, இருட்டில் எது எதுவென்று தடவிக்கொண்டிருப்பதைவிட, பாட்டு வரிசைப்படி முன்னே செல்ல ஒன்று, பின்னே வர ஒன்று, சோலோவுக்கு ஒன்று, எதிரொலி போல ஒலிக்கும் டிலேக்கு ஒன்று என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அழுத்தினால் தொட்டு, காலை எடுத்தால் விடும் மொமென்டரி சுவிட்சுகளாகவே வாங்கு. அழுத்திய கணத்தில் உள்ளிருக்கும் தகடு சில மில்லிநொடிகள் துள்ளும். நானோ அதைப் பல அழுத்தங்களாக எண்ணிக்கொண்டு, டிலேயைப் போட்ட கையோடு அணைத்தும் விடும். முதல் தொடுதலை ஏற்றபின் 20 மில்லிநொடி வேறெதையும் கேட்காதே என்று நிரலில் எழுதிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

மின்சாரத்துக்கு பவர் பேங்கை நம்பாதே. பெட்டி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், ஏதும் செருகப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். பெடல்களுக்கான ஒன்பது வோல்ட் அடாப்டரையே நானோவில் மின்சாரம் ஏற்கும் வின் முனையில் கொடுக்கலாம்.

உன் கருவியின் கையேட்டில் மிடி அட்டவணை உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. அதில் டின் சாக்கெட் இருந்தால் என் வரைபடமே போதும். யூஎஸ்பி மட்டும்தான் என்றால் நேரடியாகச் செருக முடியாது, நடுவே இணைப்பை நடத்தும் யூஎஸ்பி ஹோஸ்ட் என்ற கருவி ஒன்று தேவைப்படும். அதற்கேற்ப மாற்றி வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜன்