சாய்ந்தால் நிமிர்த்தக்கூடிய வண்டி

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பாதி புரிந்தது, மீதியில் தங்கச்சி மிக்ஸி போட்டுவிட்டாள். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மகள் பாப்பாவுக்கு வேளாண்மைத் துறையில் வேலை கிடைத்து, கம்பம் பக்கமே போஸ்டிங்கும் ஆனது ரொம்ப சந்தோஷம். இப்போது வீட்டில் நடக்கிற சண்டைக்கு வருகிறேன். அவளுக்கு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வேண்டும். உனக்கு, ‘பொம்பளப் பிள்ளைக்கு ஸ்கூட்டி போதாதா?’ என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். தீர்ப்பு உங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்காது.

முதலில் உனக்கு. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள்ளும் வாய்க்கால் கரையிலும் தினமும் போய் வரப்போகிறவளுக்கு ஸ்கூட்டர் சரிப்படாது. அதன் சக்கரம் பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம். மழை பெய்த மறுநாள் வண்டித் தடத்தில் இறங்கினால் குழியிலேயே உட்கார்ந்துவிடும். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிக்குச் சக்கரம் பதினெட்டு அங்குலம், குழி தெரியாமல் ஏறி இறங்கும். ஆக, பைக் என்று அவள் கேட்பது நியாயம்தான்.

எந்த பைக் என்பதில்தான் அவளோடு எனக்குத் தகராறு. தீபாவளிக்கு மதுரை வந்தபோது என் அக்கா மகனுடைய கிளாசிக்கில் ஏறி உட்கார்ந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ உள்ளே பலகாரத்தில் இருந்தாய், நான் வாசலில் இருந்தேன். சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு நேராக நிமிர்த்தினாள். இரண்டு காலிலும் விரல்தான் தரையில் பட்டது. வண்டி வலதுபக்கம் கொஞ்சமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான், அப்புறம் அவள் கையில் இல்லை. நானும் அக்கா மகனும் எதிர்வீட்டுப் பையனும் பாய்ந்து பிடித்தோம். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். எனக்குத்தான் முழங்கை ஒரு வாரம் வலித்தது.

அந்த வண்டி 195 கிலோ. பாப்பா ஐம்பது கிலோ இருப்பாளா? ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ, ஷைன் 100 பைக் என்றால் இன்னும் குறைவு, நூறு கிலோவுக்குள்தான். ஓட ஆரம்பித்துவிட்டால் எடை தெரியாது என்று அக்கா மகன் சொல்கிறான், அது உண்மைதான். கிளாசிக் ரோட்டில் ஓடும்போது தேர் மாதிரி நிதானமாகப் போகும். ஆனால் புதிதாக ஓட்டுகிறவர்கள் ஓடும்போதா விழுகிறார்கள்? திருப்பும்போது, நிறுத்தும்போது, சரிவில் பின்னால் தள்ளும்போது, சைடு ஸ்டாண்டை ஈர மண்ணில் ஊன்றும்போதுதான் விழுகிறார்கள். தோட்டத்து நடுவில் தனியாக நிற்கும்போது சாய்ந்துவிட்டால் அங்கே எதிர்வீட்டுப் பையன் இருக்கமாட்டான். முதல் வண்டிக்கு நான் வைக்கிற ஒரே பரீட்சை இதுதான்: சாய்ந்த வண்டியை அவளே தனியாக நிமிர்த்த வேண்டும். கடையில் மைலேஜ் கேட்பதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கச் சொல்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. கையால் இழுத்துத் தூக்கினால் இடுப்பு போய்விடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்புறத்தைச் சாய்த்துக் குந்த வேண்டும். ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் பின்பக்கக் கம்பி. அப்படியே காலால் உந்திப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழுந்துவிடும். வலதுபக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் எழுந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சீட் உயரத்தைப் பற்றி அவள் கூகுளில் பார்த்துவிட்டு என்னிடம் வாதாடினாள். கிளாசிக் 805 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டர் 785, ‘இரண்டு சென்டிமீட்டர்தானே மாமா?’ என்றாள். கணக்கு சரிதான். ஆனால் சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து தரைக்கு எட்டாது, ஒடுக்கமாக இருந்தால் அதே உயரத்திலும் பாதம் ஊன்றும். அது எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது, ஏறி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். தினமும் போடுகிற செருப்போடு உட்காரச் சொல், ஹீல்ஸோடு அல்ல. அவளோடு வேலை பார்க்கிற பையன் ஆர்15 என்கிற ரேஸ் மாதிரி பைக்கை வாங்கச் சொல்கிறானாம். குனிந்தபடி தோட்டத்துக்குப் போய் விவசாயியிடம் என்ன பேசுவாள்? விட்டுவிடு.

ஆகவே என் தீர்ப்பு: நூறு அல்லது நூற்றுப்பத்து சிசியில் பழைய வண்டி ஒன்று, இரண்டு வருஷத்துக்கு. கீழே போட்டாலும் மனசு பதறாது. கிளட்சைச் சட்டென்று விட்டு ஆஃப் ஆகி ஆஃப் ஆகித்தான் எல்லோருக்கும் பாதி கிளட்ச் கைக்கு வருகிறது. அதைப் புது வண்டியில் பழக வேண்டியதில்லை. அப்புறம் அவள் சம்பளத்தில் அவளே கிளாசிக் வாங்கிக்கொள்ளட்டும், நான் வந்து மாலை போடுகிறேன்.

புதுசுதான் என்று தங்கச்சி பிடிவாதமாக இருந்தால் ஷைன் அல்லது ரைடர் 125 பாருங்கள். இந்த மாதிரி வண்டியில் பெரும்பாலும் சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் பிரேக் இருக்காது, சிபிஎஸ்தான். அதாவது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். மணல் கிடக்கிற வளைவில் அவசரப்பட்டு முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை இது தடுக்காது. பாப்பாவுக்கு அதை நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது என் கதையை மறந்துவிடாதே. 1996-இல் ஒரு புரோக்கரிடம் வாங்கி ஏமாந்தேனே, காலையில் ஏழு மணிக்குப் போய் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதும் மயங்கிவிட்டேன். சைலன்சரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நான் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தான். மறுநாள் நம் வீட்டில் இருபது உதை. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் கையை வைத்துப் பார். நீலப் புகை வந்தால் திரும்பி வந்துவிடு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டை தேயாமல் பளபளவென்று இருந்தாலும் அந்த டயர் கிழடு. ஆர்சி புத்தகத்து சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா, பழைய கடனுக்காக ஆர்சியில் போட்ட அடமானக் குறிப்பு, அதாவது ஹெச்பி, கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பார். விலையை அடித்துப் பேசு. 2025 செப்டம்பரில் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் புது வண்டி விலையே இறங்கிவிட்டது, பழைய வண்டிக்காரன் மட்டும் எதற்குப் பழைய விலை சொல்கிறான்?

நீ மறந்த ஒன்று: பாப்பாவிடம் இருப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு பைக் ஓட்டக் கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் சிக்கல். புதிதாக எல்எல்ஆர் என்கிற பழகுநர் லைசென்ஸ் போட்டு, முப்பது நாள் கழித்து, எட்டு போட்டுக் காட்ட வேண்டும். திங்கட்கிழமையே விண்ணப்பம் போடச் சொல்.

ஹெல்மெட் நான் வாங்கி வருகிறேன், தாடையையும் மூடுகிற ஐஎஸ்ஐ முத்திரைக்காரன். ரோட்டோரத்தில் வாங்கித் தொலைத்துவிடாதே. துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிந்துகொள்ளச் சொல், பின் சக்கரத்துக்கு அதன் மேல் ஒரு கண் உண்டு.

அடுத்த ஞாயிறு என் பழைய வண்டியிலேயே வருகிறேன், அதில் பழகட்டும். தங்கச்சியிடம் மொச்சைக் குழம்பு என்று சொல்லிவை. ஒரே ஒரு நிபந்தனை: முதல் மாதம் பாப்பாவுக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது, குறிப்பாக நீ. 1992-இல் அழகர்கோவில் ரோட்டில் இரவல் ஆர்எக்ஸ்100-இல் புளியமரத்தடி வளைவில் நான் இடப்பக்கம் சாய்க்க நீ வலப்பக்கம் சாய்ந்ததால்தான் விழுந்தோம். முப்பது வருஷம் தாண்டியும் நீ மணல் மேலேயே பழியைப் போடுகிறாய்.

அன்புடன்,
உன் மாப்ளே