எட்டு டிக் வைத்து அனுப்பு

ராயபுரம்,
ஞாயிறு ராத்திரி

பாப்பா,

பாட்டு வீடியோ எடுப்பதற்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின நாலு பக்கத் திட்டத்தைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். போனில் படித்தால் எழுத்து ஓடுகிறது. பாட்டையும் கேட்டேன், ஒரு இருபது தடவை இருக்கும். முதல் தடவையே கால் தன்னால் தாளம் போட்டது. பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவிலேயே "சரி நைனா, சரி நைனா" என்று வைத்துவிடுவாய்.

ரெண்டு நாளில் 11 இடம் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட அவ்வளவு அவசரப்பட மாட்டார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். பாட்டு 3 நிமிஷம் 12 செகண்ட். வேகம் நிமிஷத்துக்கு 120 தட்டு என்று மியூசிக் போட்ட பையன் எழுதியிருக்கிறான். அப்படியென்றால் அரை செகண்டுக்கு ஒரு தட்டு, மொத்தம் 384 தட்டு. டான்ஸ் மாஸ்டர் எட்டு எட்டாகத்தான் எண்ணுவார், அவர் கணக்கில் 48 எட்டு. அதை 11 இடத்துக்குப் பங்கு வைத்தால் ஒரு இடத்துக்குப் பதினேழு செகண்ட் சொச்சம் வரும். அந்தப் பதினேழு செகண்டுக்காக ஸ்பீக்கரை மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றி, டிராஃபிக்கில் நின்று, இறக்கி, ஒயர் இழுத்து, ஆடுகிற பிள்ளைகளுக்கு மறுபடி பவுடர் போட்டு, அதில் ஒருத்தன் டீ குடிக்கப் போய்க் காணாமல் போவான். ஒரு இடம் மாற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள். பத்து தடவை மாறினால் பதினைந்து மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். எப்போது ஆடுவார்கள்?

மூணு இடம் எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை முழுசாக ஓடவிட்டு ஆடச் சொல். ஒரு தடவை எல்லாரும் தெரிகிற மாதிரி, ஒரு தடவை இடுப்புவரை, ஒரு தடவை முகம் மட்டும். அப்புறம் எடிட்டிங்கில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குத் தாவினாலும் வாய் பாட்டோடு பொருந்தும். துண்டு துண்டாக எடுத்துவிட்டு, கடைசியில் ரெண்டாவது சரணத்துக்கு ஷாட் இல்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போ என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். ரெண்டாம் பக்கத்தில், "ப்ளூடூத் ஸ்பீக்கர் – 2" என்று இருக்கிறது. மைக் செட்காரன் மகள் எழுதுகிற எழுத்தா இது? அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடை ஷட்டரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வெட்டவெளியில், காற்றில், பதினாலு பேர் ஆடும்போது அந்தச் சத்தம் முன்னால் நிற்பவனுக்கே எட்டாது. அதுவும் ரெண்டு ப்ளூடூத் ரெண்டு கம்பெனியாக இருந்தால் ஒன்று சொன்னதை இன்னொன்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்லும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் திருவொற்றியூர் பக்கம் கடற்கரையில் ஒரு பாட்டு எடுத்தார்கள். ஸ்பீக்கர் நம்முடையது, நானே கூடப் போனேன். படப்பிடிப்பில் பாட்டை ஓடவிடுவதற்கு 'நாகரா' என்று பேர். அது ஸ்விட்சர்லாந்தில் செய்த டேப் மெஷினோட பேர். செய்தவர் போலந்தில் பிறந்தவர், அவங்க மொழியில் 'பதிவு பண்ணும்' என்று அர்த்தமாம். மெஷின் போய் லேப்டாப் வந்த பிறகும் "நாகரா!" என்று கத்தினால்தான் பாட்டு ஓடும்.

அன்றைக்கு ஐம்பது அறுபது பேர் ஆட்டம். ரெண்டு ஸ்பீக்கரையும் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்கள். நாகரா ஓடுகிறது. முன் வரிசை சரியாக ஆடுகிறது. பின் வரிசை ஒவ்வொரு தடவையும் ஒரு இழை பின்னால் வருகிறது. டைரக்டர் மைக்கை எடுத்துப் பின் வரிசைப் பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஏழு டேக். பச்சைப் பாவாடை கட்டிய பெண் ஒன்று, அழுதுகொண்டே சிரித்து ஆடியது. கேமராவுக்குச் சிரிக்க வேண்டுமே.

தப்பு அந்தப் பெண்கள்மேல் இல்லை. சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கடைசி வரிசை கிட்டத்தட்ட எழுபது மீட்டர் தள்ளி நின்றது. பாட்டு அவர்கள் காதுக்குப் போய்ச் சேர செகண்டில் அஞ்சில் ஒரு பங்கு ஆகும். உன் பாட்டின் வேகத்துக்கு அது பாதித் தட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவர்கள் கேட்டதுக்குச் சரியாகத்தான் ஆடினார்கள், கேட்டதே தாமதம். எனக்கு அது தெரியும். ஆடி மாசத்தில் தெருக்கோடிக் குழாயும் கோயில் வாசல் குழாயும் ஒரே பாட்டை ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பாடுவதைக் கேட்டு வளர்ந்தவன்தானே நான். இருந்தாலும் வாடகைக்கு வந்தவன் டைரக்டருக்குச் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாரையும் கேட்காமல், ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் நடு வரிசைக்குப் பக்கவாட்டில், ஃபிரேமுக்கு வெளியே வைத்தேன். சாப்பாடு முடிந்து ரெண்டே டேக்கில் ஓகே ஆனது. பின் வரிசைக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று டைரக்டர் சொன்னார். முதல் டேக்கிலேயே வாயைத் திறந்திருக்கலாம். அந்தப் பச்சைப் பாவாடை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதனால் உன் ஷூட்டிங்குக்கு ஸ்பீக்கர் நான் போடுகிறேன். எங்கே வைப்பது என்பதும் என் வேலை. பின்னால் நிற்கிற பிள்ளை பிந்தினால் உடனே அதட்டாதே, என்னைக் கூப்பிடு.

கல்யாண வீடியோ எடுக்கிற தம்பியிடமும் பேசினேன். நம்ம தெருதான், உனக்குத் தெரியும். அவன் சொன்னது: செகண்டுக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் உன் பாட்டுக்கு ஒரு தட்டுக்குச் சரியாகப் 12 ஃபிரேம் வரும், வெட்டுவதற்குச் சுகம். 25 என்றால் பன்னிரண்டரை, அரை ஃபிரேமை எங்கே வெட்டுவாய்? ஆனால் சாயங்காலம் சீரியல் செட் லைட் போட்டு எடுக்கும்போது கேமரா ஷட்டரை 50-இல், அதாவது செகண்டில் ஐம்பதில் ஒரு பங்கில், வைக்கச் சொன்னான், இல்லாவிட்டால் லைட் துடிக்கும். எனக்கு அது உடனே புரிந்தது. எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர் "ம்ம்ம்" என்று முனகுமே, அதே 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான். கடைசிப் பல்லவியில் ஸ்லோமோஷன் வேண்டும், வாயும் அசைய வேண்டும் என்றால், 48 ஃபிரேமில் எடுத்துக்கொண்டு பாட்டை டபுள் ஸ்பீடில் ஓடவிட வேண்டும். பிள்ளைகள் எலி மாதிரி கீச்சுக் குரலுக்கு வாயசைப்பார்கள், சிரிப்பாக இருக்கும். பாதி வேகத்துக்குக் குறைத்ததும் சரியாக உட்காரும். அதற்கு வீட்டிலேயே பழகிக்கொண்டு வரச் சொல்.

அப்புறம் மூணாம் பக்கம். "ரா, டார்க், நார்த் மெட்ராஸ் ஃபீல்" என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். பாட்டு துள்ளுகிறது, படம் எதுக்கு முறைக்க வேண்டும்? நம்ம பக்கம் கேமரா தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு இருட்டுச் சந்து, ஒரு கத்தி, சட்டைப் பட்டன் போடாத நாலு பேர். அவர்களுக்கு வேறு ஊர் தெரியாது. உனக்குமா? 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கின காசிமா நம்ம புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு. வியாசர்பாடியில் விடியற்காலையில் பந்து உதைக்கிற பிள்ளைகளைப் போய்ப் பார். நம்ம தெரு கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் 'டக்'கென்று அடிக்கிற சத்தம் இருக்கிறதே, உன் பாட்டின் இடைவெளியில் ஒரு இடத்தில் டிரம் இல்லாமல் நிற்கிறதே, அங்கே அதை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசி. சும்மா தோன்றியது, எழுதினேன்.

இடங்களுக்கு வருகிறேன். ராயபுரம் ஸ்டேஷனை அடித்துவிடு. அழகான கட்டடம்தான், 1856-இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. ஆனால் உள்ளே எடுக்க ரயில்வேயிடம் அனுமதி வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், உன் மே மாசத்துக்குள் முடிகிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. மெட்ரோவும் அப்படித்தான்.

காசிமேடு வைத்துக்கொள். மே மாசம் வருகிறாய், நல்லதாகப் போச்சு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், நீலம், பச்சை, சிவப்பு என்று. நீ செட் போட்டாலும் அந்தக் கலர் வராது. ஆனால் அந்த 61 நாளும் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள், அதை மனசில் வைத்துக்கொள். வலை பின்னிக்கொண்டிருக்கிறவர் பின்னால் போய்ச் சும்மா ஆடிவிட்டு வராதே. என் கூட்டாளி ஒருத்தர் அங்கே இருக்கிறார், ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிப்போய்ச் சொல்லி வைக்கிறேன். காலேஜ் லெட்டர்பேடில் ஒரு கடிதமும் வேண்டும், துறைமுகத்துக்கு ஒன்று, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று. ட்ரோன் என்று எழுதியிருப்பதை மட்டும் மறந்துவிடு, துறைமுகத்துப் பக்கத்தில் அதைப் பறக்கவிட்டால் உன்னை ஜாமீனில் எடுக்க நான்தான் வர வேண்டும்.

வெளிச்சமும் பார்த்துக்கொள். நமக்குச் சூரியன் கடலில் உதிக்கிறது. மேயில் காலை அஞ்சே முக்காலுக்கெல்லாம் வந்துவிடும். அப்போது கடலைப் பார்த்துக் கேமரா வைத்தால் ஆடுகிறவர்கள் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார்கள். பாட்டின் ஆரம்பத்துக்கு அது நன்றாக இருக்கும், முகம் வேண்டுமென்றால் சாயங்காலம் வா. வெயில் ஊர்ப் பக்கத்திலிருந்து அடிக்கும், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பவர்கள் முகம் பொன் மாதிரி இருக்கும். பதினொன்றிலிருந்து மூணு வரை ஒருத்தரையும் வெளியே நிறுத்தாதே. கத்திரி வெயில். கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் வேறு விழும். அந்த நேரத்தில் தூங்கச் சொல்.

ரெண்டாவது நம்ம தெரு. பள்ளிக்கூடம் லீவு, பொடிசுகள் எல்லாம் இருக்கும், நீ வேண்டாம் என்றாலும் ஃபிரேமுக்குள் வரும். அவங்க அப்பா அம்மாவிடம் முதலிலேயே கேட்டுவிடு. எதிர் வீட்டு ஆயா வாசல் கோலத்தை மிதித்தால் ஷூட்டிங் அதோடு முடிந்தது.

மூணாவதை நீ எழுதவே இல்லை. பதினோரு இடத்திலும் தேடிப் பார்த்தேன். நம்ம மொட்டை மாடி. நீ அஞ்சாவது படிக்கும்போது அம்மா புடவையைக் கொடியில் திரை மாதிரி கட்டி, என் பழைய மைக்கை வைத்துக்கொண்டு ஆடுவாயே, ஒயர் எதிலும் இணைத்திருக்காது. அந்த மாடிதான். தண்ணி டேங்க் மேல் ஏறி நின்றால் துறைமுகத்து கிரேன் தெரியும். ராத்திரி சீரியல் செட் நான் கட்டித் தருகிறேன், மெதுவாக மின்னுகிற மாதிரி. கரண்டுக்கும் கவலை இல்லை, அனுமதிக்கும் கவலை இல்லை. அம்மாவிடம் மட்டும் கேட்க வேண்டும், வடாம் காய்கிற மாசம்.

டிரெஸ்ஸுக்கு எம்.சி. ரோடு போதும் என்கிறாள் அம்மா, தி. நகர் போய்க் காசைக் கொட்டாதே. மெல்லிய கோடு போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் புழு நெளிகிற மாதிரி தெரியும். சாப்பாட்டுக்குச் சாம்பார் சாதம் பதினாலு பேருக்கு அவள் பொறுப்பு. சாயங்காலம் பர்மா நூடுல்ஸ் அத்தோ உன் செலவு.

பாட்டு உன் சிநேகிதர்கள் போட்டது என்றாலும், மியூசிக் போட்டவன், எழுதினவள், பாடினவள் மூணு பேரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வை. இப்போது தோளில் கை போட்டுக்கொண்டு இருப்பீர்கள். நாளைக்குப் பத்து லட்சம் பேர் பார்த்தால் யார் பாட்டு என்று சண்டை வரும்.

ஸ்பீக்கருக்கு வாடகை வேண்டாம். வண்டிக்கு டீசல் போட்டுவிடு, அதை உன் பட்ஜெட்டில் எழுது. அப்போதுதான் ப்ரொடக்ஷன் என்றால் என்ன என்று தெரியும்.

பாட்டை மறுபடி அனுப்பும்போது முன்னால் எட்டு 'டிக்' சத்தம் வைத்து அனுப்பு, பாட்டின் வேகத்திலேயே. இல்லாவிட்டால் நாகரா ஓடினதும் யார் எப்போது ஆரம்பிப்பது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சுருக்கின ஃபைல் வேண்டாம், பெரிய ஃபைலாகவே அனுப்பு. டபுள் ஸ்பீடு ஒன்று தனியாக. ரெண்டையும் நாளைக்கே அனுப்பினால் புதன்கிழமை ஒரு காதுகுத்து வேலை இருக்கிறது, அது முடிந்ததும் கடைசியில் ஒரு தடவை போட்டுச் சரிபார்த்துவிடுவேன். காதுகுத்து வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எந்த ரயில், எத்தனை மணிக்கு சென்ட்ரல் என்று எழுது. வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நைனா