ஸ்வாம்ப் டாக்: அட்டைப் படத்துக்கு அப்பால்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஸ்வாம்ப் டாக் பற்றி வந்த கட்டுரை, அவர் ராட்சத வெள்ளை எலி மேல் உட்கார்ந்திருக்கும் 1971ஆம் ஆண்டு ஆல்பத்தின் அட்டையையே சுற்றிச் சுற்றி வந்தது. படம் விசித்திரம்தான், சரி. ஆனால் 1954இல் சிறுவனாக முதல் இசைத்தட்டு போட்டு, எண்பது வயதைத் தாண்டி 2024இல் பாஞ்சோ, ஃபிடில் வாத்தியங்களோடு ‘பிளாக்கிராஸ்’ ஆல்பம் தந்த மனிதர், மற்றவர்களுக்காகச் செய்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லையே!

அவர் தயாரித்த, பாடகி டோரிஸ் டியூக்கின் ‘ஐம் எ லூசர்’ ஆல்பத்தை எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் உடைந்து பாடும் இடங்களில் வாத்தியங்கள் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தயாரிப்பாளர் ஸ்வாம்ப் டாக்குக்கு அடுத்த வாரமே ஒரு பக்கம் ஒதுக்குங்கள், இந்த ஆல்பத்திலிருந்தே தொடங்கலாம்.