ஃபைபர் கேபிள் அறுபடுவதைத் தடுக்கவும், வீட்டு இணையம், கேபிள் டிவி குறைகளைத் தீர்க்கவும் கோரும் மனு

அனுப்புநர்
படைவீரர் ஒருவரின் தாயார்,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
கம்மவான்பேட்டை அருகில், கணியம்பாடி ஒன்றியம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: சாலையோரம் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அடிக்கடி அறுபடுவது – வீட்டு இணையம், தொலைபேசி, கேபிள் டிவி முடங்குவது – புகாருக்குப் பதில் இல்லாதது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

தை மாதத்திலிருந்து எங்கள் பகுதியில் வீட்டு இணையம் ஒரு வாரம் இருந்தால் மறுவாரம் இருப்பதில்லை. மழை, காற்று எதுவும் காரணம் இல்லை. ஜேசிபிதான் காரணம். குடிநீர்க் குழாய்க்கு ஒரு முறை, கால்வாய்க்கு ஒரு முறை, சாலையோரத்தைச் சீர்செய்ய இன்னொரு முறை என்று ஒரே ஓரத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலைகளை நாங்கள் எதிர்க்கவில்லை. குழாய் வந்தால் எங்களுக்கும்தான் தண்ணீர். ஆனால் மண்ணுக்குள் என்ன போகிறது என்று தோண்டுகிறவருக்கும் தெரியவில்லை, தோண்டப்போகிறார்கள் என்று கேபிளுக்குச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. அறுந்த பிறகு இவர் அவரைக் கைகாட்டுகிறார், அவர் இவரைக் கைகாட்டுகிறார்.

அறுந்த கேபிளை நாங்களே நேரில் பார்த்தோம். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கறுப்பு கேபிள், பள்ளத்தின் விளிம்பில் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள், நீலம், ஆரஞ்சு, பச்சை என்று. இணைக்க வந்த தம்பி வெயிலில் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழையாக மேல்தோலை உரித்து, துடைத்து, மெஷினில் வைத்து ஒட்டினார். பொறுமையாக வேலை செய்த அந்தப் பையன்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் இணைத்துவிட்டுப் போன சில நாட்களில், கொஞ்சம் தள்ளி மறுபடி அறுத்துவிட்டார்கள்.

அப்புறம் மண்ணுக்குள் புதைப்பதையே விட்டுவிட்டார்கள். இப்போது கேபிள் புளியமரக் கிளை, மின்கம்பம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் என்று எது கிடைத்ததோ அதன்மேல் தொங்குகிறது. அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றி வந்த லாரி அதையும் இழுத்துக்கொண்டு போனது. பள்ளி வாசலில் ஆள் உயரத்தில் தொங்கும் இடத்தின் புகைப்படத்தை இந்த மனுவுடன் வைத்திருக்கிறோம். இன்றைக்குத் தொங்குவது கேபிள் மட்டும்தான். ஒரு மழை இரவில் அது மின்கம்பியோடு உரசினால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் பயம்.

இத்தனை முறை ஒட்டியதில் ஒளியின் அளவும் குறைந்துவிட்டது. அந்தத் தம்பி எங்கள் வீட்டு மோடத்துக்கு வரும் வயரைக் கழற்றி மீட்டரில் செருகிக் காட்டினார். மைனஸ் 29 என்று இருந்தது. பொதுவாக மைனஸ் 27-க்குக் கீழே போனால் மோடம் பிடிக்காது, சிவப்பு லைட் எரிய ஆரம்பித்துவிடும் என்றார். எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்தச் சிவப்பு லைட்தான் எரிகிறது. கால் சென்டரில் கேட்டால் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்கிறார்கள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அறுந்த கேபிள் ஒட்டாது.

இணையம் இல்லாவிட்டால் என்ன, கைப்பேசி இருக்கிறதே என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் ஊரின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே மாவட்டம் முழுக்கச் சொல்வார்கள். சுற்று ஊர்களிலும் அப்படித்தான், வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கிறார் அல்லது இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். என் மகனும் எல்லையில் இருக்கிறான். அவனுக்கு எப்போது டியூட்டி முடியும், எப்போது சிக்னல் கிடைக்கும் என்று அவனுக்கே தெரியாது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். மலையடி ஊர் என்பதால் வீட்டுக்குள் கைப்பேசி சிக்னல் நிற்பதில்லை, வைஃபை இருந்தால்தான் பேச முடியும். அந்த நேரத்தில் சிவப்பு லைட் எரிந்தால் அவன் குரலைக் கேட்க முடியாது, அடுத்து எப்போது கூப்பிடுவான் என்றும் தெரியாது. பக்கத்துத் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு மருமகள், கணவர் அழைப்பு வரும் என்று சாயங்காலம் ஆனால் மொட்டைமாடியில் போய் நிற்கிறாள். இந்த ஊரில் இது பொழுதுபோக்குக்கான வசதி இல்லை என்பதைத் தாங்கள் கருணையோடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய தரைவழித் தொலைபேசி இருந்தவரை ராத்திரியில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் 108-க்கு வீட்டிலிருந்தே கூப்பிட்டோம். இப்போது வீட்டுத் தொலைபேசியும் அதே ஃபைபரில்தான் வருகிறது. கேபிள் அறுந்தால் போனும் செத்துவிடும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தும், ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தெருமுனைவரை ஓட வேண்டியிருக்கிறது.

புகார் கொடுக்கும் கதை தனி. எண்ணை அழுத்தச் சொல்லியே நேரம் போகும். ஒருவழியாகப் புகார் எண் கிடைக்கும். யாரும் வரமாட்டார்கள். மறுநாள் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி மட்டும் வரும். மறுபடி கூப்பிட்டால் புது எண், கணக்கு முதலிலிருந்து. பழைய புகார் உரிய நேரத்தில் முடிந்ததாக அவர்கள் பதிவேட்டில் இருக்கும். அந்தக் குறுஞ்செய்திகளின் நகல்களையும் சேர்த்திருக்கிறோம்.

டிராய் எனும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தனிப்பட்ட வாடிக்கையாளரின் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை. அதன் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் புகாரையே தீர்ந்ததாக முடித்துவிட்டால் எதன்மேல் மேல்முறையீடு செய்வது? 2024-ஆம் ஆண்டின் தர விதிகளில், ஒரு மாவட்டம் முழுக்க சேவை நின்று 24 மணி நேரத்தைத் தாண்டினால் வாடகையைக் கழிக்கவோ நாட்களை நீட்டிக்கவோ வேண்டும் என்று வந்தது. நல்ல விதிதான். ஆனால் எங்களுக்கு அறுவது ஒரு கிளை கேபிள். மாவட்டம் முழுக்க இருளவில்லை என்பதால் எங்கள் நாட்கள் இந்த விதியின் கணக்கில் வருவதில்லை. பணம் மட்டும் மாதம் பிறந்ததும் முழுதாகப் போகிறது.

கேபிள் டிவியிலும் இதே நிலைதான். இணைய லைன் கொடுப்பவரே கேபிளும் கொடுப்பதால் அறுந்தால் இரண்டும் போகும். மாதப் பணத்துக்கு ரசீது கிடையாது, நோட்டில் ஒரு டிக் அடித்துக்கொண்டு போகிறார்கள். ரசீது இல்லாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதைக் காட்டுவது?

இதில் தங்களால் செய்ய முடிவது நிறைய இருக்கிறது என்று தெரிந்தே வந்திருக்கிறோம். பள்ளம் தோண்டுபவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது இந்தியத் தந்தி (உள்கட்டமைப்புப் பாதுகாப்பு) விதிகள், 2022-லேயே வந்துவிட்டது. அதற்காகவே "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலியைப் பிரதமர் 2023 மார்ச் 22 அன்று தொடங்கி வைத்தார். எங்கே தோண்டப் போகிறோம் என்று அதில் பதிந்தால், அங்கே கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போய்விடும். எங்கள் பகுதியில் தோண்டிய ஒப்பந்ததாரரின் மேஸ்திரியிடம் கேட்டோம், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எனவே மாவட்டத்தில் எந்தத் துறையின் பணியானாலும், இந்தச் செயலியில் பதிந்த பிறகே ஜேசிபி இறங்க வேண்டும் என்றும், ஊராட்சி அலுவலகப் பலகையில் நாளும் இடமும் எழுத வேண்டும் என்றும் தாங்கள் உத்தரவிட வேண்டும். பதியாமல் தோண்டி அறுத்தால் சரிசெய்யும் செலவு ஒப்பந்ததாரருடையது என்பதைப் பணி ஆணையிலேயே எழுதிவிட்டால், மறுநாளே ஜாக்கிரதை வந்துவிடும். எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு மன்றத்தின் தலைவர் தாங்களே. ஆண்டுக்கு இரண்டு முறையாவது அது கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் இணைய நிறுவனங்களின் மாவட்டப் பொறுப்பாளர்கள், கேபிள் ஆபரேட்டர்கள், கேபிள் டிவி தனி வட்டாட்சியர், மின்வாரியப் பொறியாளர் ஆகியோரை ஒரே மேசையில் உட்கார வைத்து எங்களையும் அழைக்க வேண்டுகிறோம். வாடிக்கையாளர் சரி என்று சொல்லாமல் புகாரை முடிக்கக் கூடாது, ஓடாத நாட்களுக்கான பணத்தைக் கழிக்க வேண்டும், வாங்கும் பணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் அவர்கள் அங்கே எழுதிக் கொடுத்தால் போதும். தொலைத்தொடர்புப் புகார்களுக்கும் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வீடும் வழக்குப் போட்டு அலைவதைவிட, தங்கள் முன்னிலையில் பேசித் தீர்ப்பதையே விரும்புகிறோம்.

பள்ளி வாசலில் தொங்கும் கேபிள் மட்டும் கூட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது. இந்த மனு தங்கள் கைக்குக் கிடைத்த வாரத்திலேயே அதை உயர்த்திக் கட்டவோ புதைக்கவோ ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தால் ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுவோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக