மூன்று தங்கம் வென்றும் இரண்டாவது வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

வாட்டர் போலோ, அதாவது தண்ணீரில் நீந்தியபடி பந்தை எறிந்து கோல் அடிக்கும் ஆட்டத்தின் அமெரிக்க வீராங்கனை மேகி ஸ்டெஃபன்ஸின் பெயர் நம் விளையாட்டுப் பக்கங்களில் அதிகம் கண்ணில் படுவதில்லை. 2012 லண்டனில், தன் முதல் ஒலிம்பிக் ஆட்டத்திலேயே ஹங்கேரிக்கு எதிராக 7 கோல் அடித்தார். இறுதிப் போட்டியில் ஸ்பெயினுக்கு எதிராக 5. அப்போது வயது 19. அக்கா ஜெசிகாவும் அதே அணியில் ஆடினார். லண்டன், அப்புறம் ரியோ, டோக்கியோ என்று தொடர்ந்து 3 தங்கம். பாரிஸில் நெதர்லாந்திடம் ஒரே கோலில் வெண்கலம் நழுவியது.

சும்மா நீந்தும் ஆட்டமல்ல இது. 8 நிமிடம் வீதம் 4 பகுதி. காலைத் தரையில் ஊன்றாமல், மிதந்தபடியே ஒரு கையால் பந்தைப் பிடித்து எறிய வேண்டும். தண்ணீருக்கடியில் நடக்கும் இழுபறி பல நேரம் நடுவர் கண்ணுக்கே எட்டாது.

இப்படிப்பட்ட அணியிலேயே பலர் வேறு வேலையும் பார்த்துத்தான் ஆடுகிறார்கள் என்று 2024இல் இன்ஸ்டாகிராமில் எழுதினார் மேகி. அதைப் பார்த்து ராப் பாடகர் ஃப்ளேவர் ஃப்ளாவ் உதவ முன்வந்தார். நல்ல மனசு, சரி. ஆனால் ஒரு பாடகர் கண்ணில் பட்டால்தான் காசு வருமா?

2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியின்போது பெண்கள் வாட்டர் போலோ முடிவுகளையும் தினமும் வெளியிடுங்கள். ஒரு ஓரத்தில் இருந்தாலும் போதும்.

- ஒரு வாசகர், திருச்சி