அந்தப் பிரசவத்தில் எவ்வளவு இரத்தம் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்களின் தீராத களைப்பு பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு மூன்றையும் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி அதில் இல்லை. கடைசிப் பிரசவத்தில் எவ்வளவு இரத்தம் போனது?

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைதான். யுத்த காலத்தில் இருட்டிவிட்டால் அதையும் நம்ப முடியாது. இரவில் வலி கண்டால் வீட்டுப் பிரசவம். இரத்தம் நிற்காவிட்டால் விடியும்வரை துணி மாற்றிக்கொண்டிருப்பார்கள். உயிர் தப்பினவளை "கும்பிட்ட தெய்வம் காப்பாத்திட்டு" என்று சொல்லி ஊர் அந்தக் கதையை முடித்துவிடும். சிலருக்கு அது முடிவதில்லை.

மூளைக்கு அடியில் கடலை அளவில் கபச்சுரப்பி இருக்கிறது. தைரொயிட், சூலகம், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் எல்லாவற்றுக்கும் கட்டளை போவது அங்கிருந்துதான். கர்ப்ப காலத்தில் அது பருக்கும்; இரத்தத் தேவையும் கூடும். அந்த நேரத்தில் இரத்தப் பெருக்கு ஏற்பட்டுப் பிரசர் விழுந்தால் சுரப்பியின் ஒரு பகுதி செத்துப்போகலாம். 1937இல் ஷீஹான் என்ற வைத்தியர் இதை விவரித்து எழுதினார். நோய்க்கும் அவர் பெயர்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். வெல்லாவெளிப் பக்கம், 1990களில் வீட்டில் பிரசவம், பாய் நனைந்த பெருக்கு. பிள்ளைக்குக் கொடுக்க ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. பால்சுறா, முருங்கையிலை என்று கொடுத்துப் பார்த்தார்கள், நாவூறு கழித்தார்கள். "அதுக்குப் பிறகு மாசத்தீட்டும் வரல்ல மிஸ்ஸி, தொல்லை விட்டுது எண்டு இருந்திட்டன்" என்றாள். அப்புறம் வருடக்கணக்காகக் களைப்பு. சித்திரை வெயிலிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் இருப்பாள். பேச்சு இழுக்கும், முகம் வெளிறி ஊதியிருக்கும், அக்குள் முடிகூட உதிர்ந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் வந்தாலே மயங்கி விழுவாள். சேலைன் ஏற்றி, சோடியம் குறைவு என்று சொல்லி, விற்றமின் குளிசையோடு அனுப்பிவிடுவார்கள். மனவருத்தம் என்று சொன்னவர்களும் உண்டு. புருசன் வயல் வட்டைக்குப் போனால் சோறாக்கவும் ஏலாமல் கிடந்தவளைச் சோம்பேறி என்றது ஊர்.

தைரொயிட் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். ரி.எஸ்.எச். மட்டும் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். ரி.எஸ்.எச். என்பது தைரொயிட்டுக்குக் கட்டளை கொடுக்கக் கபச்சுரப்பியில் சுரப்பது, சுரப்பியே பழுதென்றால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தைரொயிட் சுரக்கும் ஃப்ரீ ரி-4ஐயும், காலை எட்டு மணியளவில் எடுத்த இரத்தத்தில் அதிரீனல் சுரக்கும் கோட்டிசோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசியில் ஓர் இளம் வைத்தியர்தான் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது சுரப்பி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது.

மருந்திலும் ஒழுங்கு உண்டு. முதலில் கோட்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகோட்டிசோன், பிறகுதான் தைரொயிட்டுக்கான தைரொக்சின். மாறிக் கொடுத்தால் உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சக் கோட்டிசோலும் சீக்கிரம் தீர்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அவளுக்கு ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள். அடுத்த வெள்ளாமைக்கு வரம்பில் நின்று கூலிக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், சால்வையைக் காணவில்லை.

அதிரீனலே நேரடியாகப் பழுதாவது வேறு நோய், அடிசன் நோய் என்பார்கள். அதில் முகம் வெளிறாது; உள்ளங்கை ரேகையும் பல் முரசும் கறுக்கும், உப்புக்கு ஆசை வரும். காசநோயாலும் அது வரலாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் வைத்தியரின் துண்டு இல்லாமல் மாதக்கணக்கில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை வாங்கிப் போடுகிறவர்களுக்கு அதிரீனல் தூங்கிப்போயிருக்கும். அதைத் திடீரென்று நிறுத்துவது விளையாட்டுக் காரியமில்லை.

சுகாதாரத் திணைக்களத்திடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: பிரசவத்தில் பெருக்கு ஏற்பட்டதா, பால் சுரந்ததா, மாதவிடாய் திரும்பி வந்ததா. மூன்றும் ஒத்துவந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். வீட்டுப் பிரசவம் இப்போது குறைவுதான். ஆனால் அன்று பெற்றவர்கள் இன்று ஐம்பது தாண்டி நம் நடுவே இருக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதும் சேர்ந்துவிட்டதால் அவர்களிடம் இனி யாரும் அதைக் கேட்கப்போவதில்லை.

ஏற்கெனவே ஹைட்ரோகோட்டிசோன் குளிசை எடுப்பவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் வந்தால் குளிசையை நிறுத்தாதீர்கள். வைத்தியர் சொல்லியிருக்கும் அளவுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும், வழக்கமாக அது இரட்டிப்பு. வாந்தியெடுத்துக் குளிசை தங்கவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஹைட்ரோகோட்டிசோன் ஊசி போட வேண்டும். கிளினிக் கொப்பியின் முன்மட்டையிலேயே அதைச் சிவப்பு மையால் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.